வழி தெரிந்த ஓர் ஆள்

(சித்தூரில் பத்தாம் வகுப்பு மாணவர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள் கூடியிருந்த அரங்கில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



நம் மண்ணில் நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். 1896ஆம் ஆண்டு திருத்தணியிலிருந்து ஒரு சிறுவன் படிப்பதற்காகத் திருப்பதிக்கு வந்தான். அப்பாவுக்கு ஜமீனில் சிறிய வருவாய் வேலை. வீட்டில் வசதி இல்லை. திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் 1900 வரை படித்தான். அடுத்து வேலூர் ஊரிசு, அதற்கடுத்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி. படிப்பெல்லாம் உதவித்தொகையில்தான் ஓடியது. கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன்னுடைய தத்துவப் பாடப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாத அந்தப் பையன் தத்துவத்தையே எடுத்துப் படித்தான்.

அவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் இந்தக் கதையில் என் மனம் போய் நிற்பது அந்த அண்ணனிடம். நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. அவர் சொத்தை விற்றுக் கொடுக்கவில்லை. தான் நடந்து முடித்த வழியில் பின்னால் வருகிற தம்பியிடம் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஓர் அண்ணன் இல்லை. நான் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

திருப்பதியைப் பாருங்கள். 1945இல் தேவஸ்தானம் அங்கே வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரியைத் தொடங்கியது. 1952இல் பத்மாவதி பெண்கள் கல்லூரி வந்தது. 1954இல் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1960இல் மருத்துவக் கல்லூரி, 1983இல் பெண்களுக்கென்றே பத்மாவதி பல்கலைக்கழகம். 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. இந்தப் பக்கம் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர்; பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். மலையப்பனைப் பார்க்க நம் வீட்டுப் பெரியவர்கள் வருஷம் தவறாமல் போய் வருகிறார்கள். அதே பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கல்லூரிக்குள் அவர்களில் பலர் ஒரு முறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை.

ஊருக்கும் கல்லூரிக்கும் இடையே இருக்கும் உண்மையான தூரம் இதுதான். இதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

நகரி, சத்தியவேடு, பலமநேர், குப்பம், சித்தூர் ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது நாம் சென்னை மாகாணத்தில் இருந்தோம். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இந்தப் பக்கம் வந்தோம். 1960இல் திருத்தணி தமிழகத்துக்குப் போனது. நாம் இங்கேயே இருந்தோம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக் கோடு நகர்ந்தாலும் தறி ஓட்டியவர் தறியைத்தான் ஓட்டினார். மாந்தோப்பில் காய் பறித்தவர் அதைத்தான் செய்தார். அவர்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிற பிள்ளைகள்தான் இங்கே என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்கள் வழியில் மூன்று இடங்களில் கவனமாகக் கால் வைக்க வேண்டும். மூன்றையும் சொல்கிறேன்.

முதல் இடம், பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகு வரும் சில வாரங்கள். ஆந்திரத்தில் பத்து முடித்ததும் இன்டர்மீடியட் வருகிறது. கணிதத்துக்கான எம்.பி.சி.யா, உயிரியலுக்கான பை.பி.சி.யா, வணிகவியலுக்கான சி.இ.சி.யா என்று அப்போதே தீர்மானித்தாக வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த மூன்றெழுத்தில் தன் ஆயுளையே எழுதிக் கொடுக்கிறது. பை.பி.சி. எடுத்தால் என்ஜினியரிங் பக்கம் பெரும்பாலான கதவுகள் சாத்திக்கொள்ளும் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுப் பையன் எடுத்ததை இவனும் எடுக்கிறான். மதிப்பெண் நன்றாக இருந்தால் தனியார் கல்லூரி ஆட்கள் வீடு தேடி வருவார்கள். முதல் வருஷம் சலுகை என்பார்கள். இரண்டாம் வருஷத்துக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. அம்மா கழுத்திலிருப்பதைக் கழற்றி அடகு வைத்துவிட்டு வருவார்.

அதே வாரங்களில் வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. பாலிசெட் எழுதினால் பாலிடெக்னிக். ஏ.பி.ஆர்.ஜே.சி. நுழைவுத் தேர்வு எழுதினால் தங்கிப் படிக்கும் அரசு ஜூனியர் கல்லூரி. கிராமத்துப் பிள்ளைகளுக்காகவே 2008இல் தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை நாம் டிரிபிள் ஐ.டி. என்கிறோம். அதன் ஒரு வளாகம் நமக்குப் பக்கத்தில் கடப்பை மாவட்டத்து இடுபுலபாயாவில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். ஆறு வருஷம் முடிந்தால் பி.டெக். பட்டத்தோடு வெளியே வரலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சேர்க்கையில் கூடுதல் சலுகையும் உண்டு. நம் ஊர் அரசு ஜூனியர் கல்லூரிகளில் 2025 ஜனவரி முதல் மதிய உணவும் போடுகிறார்கள். வகுப்பு நடக்கும் நாளில் வயிறு நிறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பசியோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

இவையெல்லாம் அரசாங்கம் திறந்து வைத்திருக்கும் கதவுகள். இன்ன தேதிக்குள் இந்தக் கதவைத் தட்டு என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இரண்டாவது இடம், காகிதம். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நகரிப் பக்கத்தில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா தறிப் பட்டறையில் தார் சுற்றுகிறவர். அப்பா இல்லை. பெண் வகுப்பில் முதலிடம். இன்டர் முடித்துத் திருப்பதியில் பட்டப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அம்மாவும் மகளும் என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "சார், நெட் சென்டருக்கு மூணு நாளா அலையறோம். பேரு ஒத்துவரலைன்னு திருப்பி அனுப்பறாங்க" என்றார் அந்த அம்மா.

பையில் இருந்த காகிதங்களைத் திண்ணையில் பரப்பினேன். ஆதாரில் பெண்ணின் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால் போயிருந்தது. வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் முழுப் பெயரும் இன்டிபேரு மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. தெலுங்குக் குடும்பங்களுக்கு இன்டிபேரு என்ற வீட்டுப் பெயர் உண்டு. படிவங்களும் அதைக் கேட்டே அச்சாகி வருகின்றன. நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும். அந்த ஓர் எழுத்தை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொருவர் தனக்குத் தோன்றிய இடத்தில் போட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று வேறு பெண்கள்.

அந்தப் பெண் அழவில்லை. "என் பேர்ல எது சார் சரி?" என்று கேட்டாள். முப்பது வருஷம் பாடம் நடத்திய எனக்கு அதற்குப் பதில் சொல்லச் சிறிது நேரம் பிடித்தது. நான் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் வருவது பள்ளிக்கூடம் தயாரிக்கும் நாமினல் ரோல் என்ற பெயர்ப் பட்டியலிலிருந்து. அவள் பத்தாவது படித்த வருஷம் அந்த ரோலில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அன்று அவளைக் கூப்பிட்டு, ஆதாரைக் கொண்டு வா அம்மா, இரண்டையும் ஒத்துப் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் அலைச்சல் இருந்திருக்காது. ஆதாரைத் திருத்தி, வங்கிக் கணக்கைத் திருத்தி, கடைசித் தேதிக்கு முதல் நாள் மாலை விண்ணப்பம் ஏறியது. அவள் கல்லூரிக்குப் போனாள். மறு வருஷத்திலிருந்து நாமினல் ரோல் அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் உரக்கப் படித்து, அந்தப் பிள்ளையிடமே கையெழுத்து வாங்கினேன்.

ஆசிரிய நண்பர்களே, இதற்குச் செலவு ஒரு மதியப் பொழுது. தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள்.

காகிதத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எல்லையோரத்துப் பெற்றோர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். 1974இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி நம் கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கானவை. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரம் நமக்கு உள்ளூர். ஆனால் தகுதித் தேர்வு எழுதும் வருஷத்தோடு முடியும்படி, தொடர்ந்து நான்கு கல்வியாண்டுகள் இந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் கவுன்சிலிங்கில் ஸ்டடி சர்டிபிகேட் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பையன் பத்து வரை தமிழ் வழியில் படிக்கிறான். இங்கே இன்டரில் தமிழ் வழி கிடைப்பது அரிது. திருத்தணியிலோ வேலூரிலோ அத்தை வீடு இருக்கிறது, அங்கே பிளஸ் டூ படிக்கட்டும் என்று அனுப்பிவிடுகிறோம். அன்பினால்தான் அனுப்புகிறோம். இரண்டு வருஷம் கழித்து அவன் இங்கே வந்தால் உள்ளூர்க்காரன் என்ற இடத்தை இழந்திருப்பான். அங்கேயே சேரலாம் என்றால், தமிழகத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்தில் தந்திருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடும், பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே படித்தவர்களுக்கானவை. பிள்ளை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது இடம், கல்லூரியில் முதல் ஆறு மாதம். சேர்த்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நாம் நினைக்கும் நேரம் அது. பிள்ளைகள் அதிகமாக வழுக்கி விழுவதும் அங்கேதான்.

பலமநேர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் திருப்பதியில் பி.எஸ்சி. சேர்ந்தான். தசரா விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. எனக்குச் சேதி வந்து போய்ப் பார்த்தபோது தக்காளி மண்டியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், வகுப்பில் நிற்பது போலவே. என்னப்பா ஆயிற்று என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. ரெக்கார்டு எழுது என்கிறார்கள். எதைப் பார்த்து எழுதுவது என்று கேட்க வெட்கம். அரசாங்கம் கட்ட வேண்டிய கட்டணம் இன்னும் வந்து சேரவில்லை. பணம் கட்டினால்தான் பரீட்சை என்று கல்லூரியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னால் கடன் வாங்குவார். அதனால் தானே ஒரு முடிவெடுத்துவிட்டான்.

அவனுடைய இந்தக் கவலைகளில் எதுவுமே படிப்பை நிறுத்துவதற்கான காரணம் இல்லை. 2021-22 முதல் ஆந்திரத்தில் பட்டப் படிப்புகளை ஆங்கில வழிக்கு மாற்றியிருக்கிறார்கள். தமிழ் வழியோ தெலுங்கு வழியோ, கிராமத்திலிருந்து வரும் எல்லாப் பிள்ளைகளும் முதல் செமஸ்டரில் தடுமாறுகிறார்கள். அவன் தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நம்பியிருந்தான். கட்டணத் திட்டத்தில் அவன் பெயர் ஏறியிருப்பதற்கான காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனோம். அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. பரீட்சை எழுதினான். அந்த அரை மணி நேரம் கிடைக்காமல் மண்டியிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணம் இல்லாததால் படிக்க முடியாது என்ற நிலையை மாற்ற இரண்டு மாநிலங்களுமே நிறையச் செய்திருக்கின்றன. ஆந்திரத்தில் ஃபீஸ் ரீயம்பர்ஸ்மென்ட் பல லட்சம் வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியது. இன்டர் வரை படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு 2020இல் அம்ம ஒடி என்று வந்த உதவி, 2025 முதல் தல்லிகி வந்தனம் என்ற பெயரில் வருகிறது. அம்ம ஒடியைத் தொடங்கி வைத்ததே நம் சித்தூரில்தான். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருஷத்தில் 48,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு ஆந்திர அரசின் குறிப்பிட்ட வகைப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. நகரியிலிருந்தோ சித்தூரிலிருந்தோ தினம் திருப்பதி போய் வரும் பெண் பிள்ளைக்கு இது ஒரு கல்லூரியையே பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது போல.

தமிழகத்தில் முதல் பட்டதாரி என்ற சொல்லுக்கே அரசு சான்றிதழ் தருகிறது. தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகையும் தருகிறது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 கணக்கில் உயர்கல்வியில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம். தமிழகத்தில் 47. இது ஒரு நாளில் வந்த எண் அல்ல. மதிய உணவு, இலவச பஸ் பாஸ், சைக்கிள், விடுதி என்று பல பேர் பல காலம் போட்ட உழைப்பு அது.

ஆனால் பணம் தானாக நடந்து வராது. எட்டாம் வகுப்பிலேயே என்.எம்.எம்.எஸ். எழுதச் சொல்லி ஒருவர் நினைவூட்ட வேண்டும். வருமானச் சான்றுக்கு இந்த அலுவலகத்துக்குப் போ என்று ஒருவர் சொல்ல வேண்டும். பணம் தாமதமானால் பயப்படாதே என்று ஒருவர் தோளில் கை வைக்க வேண்டும்.

அப்படி நின்ற ஒரு மனிதரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். எஸ்.ஆர். சங்கரன், தமிழகத்தில் பிறந்து ஆந்திரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வாழ்ந்தவர். சமூக நலத் துறைச் செயலாளராக இருந்து, தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிகளையும் தங்கிப் படிக்கும் பள்ளிகளையும் வளர்த்தவர். திருமணம் செய்துகொள்ளாமல், சம்பளத்தில் பெரும் பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே கொடுத்தார். பத்ம பூஷண் விருது வந்தபோது ஏற்க மறுத்தார். 2010இல் காலமானார். இன்று ஆந்திரத்தின் சமூக நல விடுதியில் ஒரு பிள்ளை படுக்க ஒரு பாயும் படிக்க ஒரு விளக்கும் இருக்கின்றன என்றால், அதில் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

நாம் எல்லோரும் சங்கரன் ஆக முடியாது. ஆனால் ராதாகிருஷ்ணனுக்குப் புத்தகம் கொடுத்த அண்ணன் ஆக முடியும். தமிழகத்தில் நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் விதை என்ற திட்டத்தில் முதல் தலைமுறைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. தன்னார்வலர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களால் படித்தவர்களில் பலர் இன்று தன்னார்வலர்களாகத் திரும்பி வருகிறார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தத் திரும்பி வருதலை.

ஆகவே மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு: ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். பத்து முடித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, எதிரே எங்கே சேர்ந்தான், அடுத்த ஜூனில் எங்கே இருக்கிறான், அதற்கடுத்த ஜூனில் எங்கே என்று மூன்று வருஷம் தொடர்ந்து குறியுங்கள். தேர்ச்சி விழுக்காட்டை மேலதிகாரிகளுக்கு அனுப்புகிறோம். தேறியவன் எங்கே போனான் என்பதை நமக்காக எழுதிவைப்போம்.

பெற்றோர்களுக்கு: பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பதிக்குப் போங்கள். சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பல்கலைக்கழகத்து வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். உள்ளே போய் மரத்தடியில் உட்காருங்கள். அது நமக்கும் உரிய இடம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்க அவசரப்படாதீர்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது பட்டப் படிப்பு அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு: உங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். முடிவு வரும் நாளில் அவர்கள் வீட்டில் இருங்கள். நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் பழைய புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள்.

திண்ணையில் பையோடு வந்து நின்ற அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் பட்டம் முடித்து, பி.எட். முடித்து, இன்று ஆசிரியையாக இருக்கிறாள். ஒவ்வொரு மே மாதமும் நகரிக்கு வந்துவிடுவாள். என் வீட்டுத் திண்ணையைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வாள். காலை ஏழு மணிக்கு அம்மாக்களும் பிள்ளைகளும் பிளாஸ்டிக் பையோடு வந்து வரிசையில் உட்காருவார்கள். அவள் ஒவ்வொரு பையையும் வாங்கிக் காகிதங்களைத் தரையில் பரப்பி, முதலில் பெயரைப் பார்ப்பாள். போன மே மாதம் நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண்ணிடம் சொன்னாள்: "இந்த எழுத்து முன்னாலயா பின்னாலயான்னு இப்பவே முடிவு பண்ணிடு பாப்பா. அதுக்கப்புறம் உன் பேரை யாரும் மாத்தக் கூடாது."

இந்த வேலைக்கு இன்னும் நிறையத் திண்ணைகள் வேண்டும். உங்கள் வீட்டுத் திண்ணையைக் கேட்டுத்தான் நான் இன்று வந்திருக்கிறேன்.